துஞ்சியோர்க்கு எடுத்த கோயில்கள்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிறந்தநாள் விழாவொத்த இந்நன்னாளில் இறந்தோரைப் பற்றிப் பேசலாமா என்ற தயக்கம் எனக்கு இருந்தது. ஆயினும் நம் வட்டம் பத்தாண்டுகளாகச் செய்து வருவது மறதிக்கு எதிரான பணியே. நினைவைப் போற்றுவோர் கூடியுள்ள அவையில், நினைவுக்காகவே எழுந்த கோயில்களைப் பற்றிப் பேசுவது பொருந்தும் என்று துணிந்தேன்.

ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். ‘துஞ்சுதல்’ என்பது அச்சொல். அதற்கு உறங்குதல் என்பதும் பொருள். இறத்தல் என்பதும் பொருள். 1894ஆம் ஆண்டில் உ.வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, பாடல்களின் அடியில் அமைந்த பழங்குறிப்புகளும் நமக்குக் கிடைத்தன. அவற்றில் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் இருக்கிறான். குராப்பள்ளித் துஞ்சிய பெருந்திருமாவளவன் இருக்கிறான். இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன், வெள்ளியம்பலத்துத் துஞ்சிய பெருவழுதி, சிக்கற்பள்ளித் துஞ்சிய செல்வக்கடுங்கோ வாழியாதன் ஆகியோரும் இருக்கின்றனர். மூவேந்தர் குடியினருமே இவ்வாறு குறிக்கப்படுகின்றனர். ஒரே பெயருடைய அரசர் பலராதலின், வேறுபாடு அறிய இவ்வடைமொழிகள் சேர்க்கப்பட்டன என்று உரைப்பர். அது சரியே. ஆயினும் வேறுபாடு காட்டப் பிறந்த ஊரையோ வென்ற களத்தையோ சொல்லியிருக்கலாம். இக்குறிப்புகளை எழுதியோர் இறுதியாகக் கண்மூடிய இடத்தைச் சொன்னார்கள். ஒருவர் எங்கே துஞ்சினார் என்பது அவர் பெயரின் பகுதியாகிவிடுகிறது.

இம்மரபு சங்க காலத்தோடு முடிந்துவிடவில்லை. ஆயிரம் ஆண்டு கடந்தும் சோழர் கல்வெட்டுகளில் அதே சொல் உயிரோடு நிற்கக் காண்கிறோம். முதலாம் ஆதித்தர் தொண்டைமானாற்றூரில் துஞ்சினவர். அரிஞ்சயர் ‘ஆற்றூர்த் துஞ்சின தேவர்’. சுந்தர சோழர் காஞ்சியின் பொன்மாளிகையில் மறைந்தமையால் ‘பொன்மாளிகைத் துஞ்சின தேவர்’. கி.பி. 949இல் தக்கோலப் போரில் மாண்ட இளவரசர் இராசாதித்தரும், 1054இல் கொப்பத்துப் போரில் மாண்ட முதலாம் இராசாதிராசரும் ‘யானைமேல் துஞ்சின’வர்கள். கண்டராதித்தர் மட்டும் துஞ்சினார் எனப்படவில்லை. அவர் ‘மேற்கெழுந்தருளின தேவர்’. கவிஞர்களே, இவை ஆவணத்திற்காக எழுதப்பட்ட அலுவல் தொடர்கள். நிலம் எவ்வளவு, நெல் எவ்வளவு, விளக்கு எத்தனை என்று கணக்கெழுதும் கல்வெட்டின் நடுவே, அம்பாரியின் மேல் ஓர் இளைஞன் உறங்கிப்போன காட்சி ஒரே தொடரில் எழுந்து நிற்கிறது.

அரசர் துஞ்சிய இடத்தில் எழுந்த கோயிலுக்குப் ‘பள்ளிப்படை’ என்று பெயர். பள்ளி என்பது துயிலும் இடம். பள்ளிகொள்ளுதல், பள்ளியெழுச்சி என்னும் வழக்குகளை நாமறிவோம். இக்கோயில்கள் பெரும்பாலும் சிறியவை. உள்ளே வீற்றிருப்பது சிவலிங்கம். கோயிலின் பெயரில் வீற்றிருப்பவர் மறைந்தவர். முதலாம் பராந்தகர் தம் தந்தை ஆதித்தருக்காகக் காளத்திக்கு அருகில் தொண்டைமானாற்றூரில் எடுத்தது ஆதித்தேசுவரம். முதலாம் இராசராசர் தம் பாட்டனார் அரிஞ்சயருக்காகப் பொன்னையாற்றை அடுத்த மேல்பாடியில் எடுத்தது அரிஞ்சிகை ஈசுவரம். முதலாம் இராசேந்திரர் தம் சிற்றன்னையருள் ஒருவரான பஞ்சவன்மாதேவியாருக்காகப் பழையாறைப் பகுதியில் எடுத்தது பஞ்சவன்மாதேவீசுவரம். பட்டீசுவரத்திற்கு அருகில் இராமநாதன் கோயில் என வழங்கும் சிற்றூரில் இன்றும் அது நிற்கிறது. இவ்வம்மையார் நம் அரியலூர் மாவட்டத்துப் பழுவூரில் ஆண்ட பழுவேட்டரையர் குடியில் பிறந்தவர் என்பது ஆய்வாளர் கருத்து. தஞ்சையில் விண்ணளாவிய விமானம் எழுப்பியவரே தம் பாட்டனாருக்கு எழுப்பியது அடக்கமான சிறு கோயில் என்பதை எண்ணிப் பார்க்கிறேன். பெருமைக்கு ஓர் அளவும் துயரத்துக்கு ஓர் அளவும் உண்டு என்பதை அச்சிற்பிகள் அறிந்திருந்தார்கள் போலும்.

பள்ளிப்படையில் இன்னுமொரு கூறு உண்டு. அங்கே நினைவு வெறும் கல்லாக நின்றுவிடுவதில்லை. தொண்டைமானாற்றூர்க் கோயிலில் விழா நாள்களில் மாவிரதியர் உள்ளிட்ட பல நெறியினர்க்கும் உணவளிக்க ஏற்பாடு செய்யப்பட்டது. பஞ்சவன்மாதேவீசுவரக் கல்வெட்டில் இலகுலீச பண்டிதர் என்னும் துறவியின் பெயர் காணப்படுகிறது. சுடலைப் பொடி பூசிய காளாமுக, பாசுபத நெறியினர் இத்தகைய கோயில்களோடு தொடர்புற்றிருந்தமை வியப்பன்று. இடுகாட்டை அஞ்சாதவர்கள் அவர்கள். மறைந்தவர் பெயரால் வாழ்வோர் உண்டனர் என்பதை இங்கே குறித்துவைத்துக்கொள்ள வேண்டுகிறேன். என் உரை மீண்டும் மீண்டும் வந்து சேரும் இடம் அதுவே.

இறந்தோரின் இடத்தை வழிபாட்டிடமாக்கும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் அயோனா என்றொரு சிறு தீவு உண்டு. கி.பி. 563இல் கொலம்பா என்னும் அயர்லாந்துத் துறவி அங்கே மடம் அமைத்தார். அத்தீவின் பழைய இடுகாட்டிற்கு ஓரான் என்பவரின் பெயர். அதன் நடுவே பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சார்ந்த ஒற்றை அறைச் சிற்றாலயம் ஒன்று நிற்கிறது. ஸ்காட்லாந்து, அயர்லாந்து, நார்வே நாட்டு மன்னர் பலர் அங்கே அடக்கம் செய்யப்பட்டதாக மரபு கூறும். ஷேக்ஸ்பியரின் மாக்பெத் நாடகத்தில் கொலையுண்ட டங்கன் மன்னனின் உடல் கொண்டு செல்லப்படுவதும் அத்தீவுக்கே. நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலத்தில் அரசரைத் துயிலவைத்தார்கள். பக்கத்திலேயே ஒரு சிறு வழிபாட்டு அறையும் அமைத்தார்கள்.

தீவு என்றவுடன் நம் நினைவு திருவரங்கத்திற்குச் செல்லும். ‘அரங்கம்’ என்ற சொல்லே ஆற்றிடைக்குறையைக் குறிப்பது. ‘துருத்தி’ என்பதும் அப்பொருளதே. திருப்பூந்துருத்தி அப்பெயரால் விளங்குவது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே கிடக்கும் இத்தீவில்தான் இராமானுசர் திருமேனி அடக்கம் பெற்றது. கி.பி. 1137 என்பது வைணவ மரபு தரும் ஆண்டு. கோயிலெல்லைக்குள் பிணம் இருக்கும்போது பூசையே நின்றுவிடும் என்பது பொது விதி. அவ்விதியை உடைய கோயிலின் திருச்சுற்றுக்குள்ளேயே ஒரு மனிதரின் உடல் துயில்கொள்ள இடம் தரப்பட்டது. அங்கு எழுந்தருளியுள்ளதைத் ‘தானான திருமேனி’ என்று போற்றுகின்றனர். ஆண்டுக்கு இருமுறை பச்சைக் கற்பூரமும் குங்குமப்பூவும் கலந்த குழம்பு அதற்குச் சாத்தப்படுகிறது.

இத்தகைய அடக்கத்தலத்தை வைணவர் ‘திருவரசு’ என்பர். மணவாள மாமுனிகளின் திருவரசு கொள்ளிடக் கரையில் உள்ளது. நாதமுனிகளின் திருவரசு நம் கங்கைகொண்ட சோழபுரப் பகுதியிலேயே இருப்பதாக மரபு சுட்டும். சைவர் ‘சமாதி’ என்பர். இசுலாமியர் ‘அடக்கத்தலம்’, ‘தர்கா’ என்பர். கிறித்தவர் ‘கல்லறை’ என்பர். சொற்கள் வேறு, கைகூப்பும் மனம் ஒன்று. அதே திருவரங்கத்தின் அம்மா மண்டபப் படித்துறையில் ஆடி, தை அமாவாசைகளில் எள்ளும் நீரும் இறைக்கக் கூடுவோர்க்குப் பள்ளிப்படை எடுக்கப் பொருளில்லை, திருவரசு எழுப்பச் சீடரில்லை. அவர்களுக்கு ஒரு கைந்நீர் போதுமானதாக இருக்கிறது.

அந்த நீரைப் பிடித்துக்கொண்டே இன்னொரு செய்திக்கு வருகிறேன். நம் கங்கைகொண்ட சோழபுரத்தைக் கண்ட முதலாம் இராசேந்திரர் 1044இல் மறைந்தார். அவர் துஞ்சியது தாம் அமைத்த தலைநகரில் அன்று. காஞ்சிபுரத்தை அடுத்த, இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துப் பிரமதேசத்தில். அவ்வூர்க் கல்வெட்டு ஒன்று, அரசரின் உடல் சேர்ந்த இடத்திலேயே அவருடைய தேவி வீரமாதேவியாரும் உயிர் துறந்ததைக் குறிக்கிறது. அவ்வம்மையாரின் உடன்பிறந்தார் சேனாபதி மதுராந்தகன் பரகேசரி வேளான். மறைந்தோரின் தாகம் தீரும்பொருட்டு அவர் அங்கே ஒரு தண்ணீர்ப் பந்தலுக்கு அறம் வைத்தார். கல்வெட்டின் செய்தி அவ்வளவே.

இந்தச் செய்தியை வகுப்பில் சொன்ன நாளில் மாணவி ஒருத்தி கேட்டாள்: “அம்மா, அண்ணனோ தம்பியோ, தடுக்க மாட்டாரா?” என்னிடம் விடையில்லை, கல்வெட்டிலும் இல்லை. தடுக்க இயலாத இடத்தில் நின்றவர் என்ன செய்தார் என்பது மட்டும் அதில் இருக்கிறது. சேனாபதி நினைத்திருந்தால் கோயில் எடுத்திருக்கலாம். நந்தா விளக்கு வைத்திருக்கலாம். உடன்பிறந்தாள் முடிந்த இடத்தில் அவருக்குத் தோன்றியது தண்ணீர். வழிச்செல்வோர் தொண்டை நனையும்போதெல்லாம் அவள் தாகம் தணியும் என்று அவர் நம்பியிருக்க வேண்டும். புறநானூற்றில் ஒரு பெண், தனக்கும் சேர்த்து அகலமாகத் தாழி வனைந்து தருமாறு குயவனை வேண்டுகிறாள். அப்பாட்டைக் கற்பிக்கும்போதெல்லாம், பிரமதேசத்துத் தண்ணீர்ப் பந்தலை அதற்கு எதிர்ப்பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒன்றில் போகின்றவளின் குரல். மற்றொன்றில் போனவளை எண்ணி நிற்பவனின் குரல்.

உடன் மாய்வதைப் புகழ்ந்த கல்வெட்டுகள் உண்டு. சுந்தர சோழருடன் வானவன்மாதேவியார் உயிர் துறந்ததையும், பால்குடி மாறாத மகவைப் பிரிந்து சென்றதையும் திருக்கோவலூர்க் கல்வெட்டு பேசுகிறது. பெண்ணாக, ஆசிரியையாக, அதனைப் போற்றிப் பாட என்னால் ஆகாது. ஆயினும் அதே காலத்தில், அதே குடியில், வேறு வழிகளும் திறந்திருந்தன. கண்டராதித்தர் மறைந்தபின் அவர் தேவி செம்பியன் மாதேவியார் பல்லாண்டு வாழ்ந்தார். செங்கற் கோயில்களைக் கற்றளிகளாக்கினார். திருநல்லத்துக் கோயிலைக் கணவர் பெயரால் எடுப்பித்து, அவர் இறைவனை வழிபடும் உருவையும் அங்கே அமைத்தார். நம் அரியலூர் மாவட்டத்தில் கண்டராதித்தம் என்னும் ஊர் அவ்வரசர் பெயரை இன்றும் தாங்குகிறது. அவ்வூர்ப் பேரேரி தேவியாரின் பெயரால் வழங்குகிறது. கணவர் பெயரில் ஊர். மனைவி பெயரில் நீர். இதைவிட நல்ல பள்ளிப்படை எது?

ஆடவர்க்கும் இவ்வினா எழுந்தது. தக்கோலத்தில் இராசாதித்தரோடு சாகும் பேறு வாய்க்காத படைத்தலைவர் ஒருவர் துறவு பூண்டு திருவொற்றியூர் அடைந்து, சதுரானன பண்டிதர் என்னும் பெயரோடு மடத்தின் தலைவரானார். அவர் தம் தலைவனுக்காக வாழ்வதை ஏற்றுக்கொண்டார்.

இதுவரை அரச குடியைச் சுற்றியே பேசிவிட்டேன். நினைவு அவர்களுக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு நடுகற்கள் சான்று. கல்லைத் தேடுவதும், கொணர்வதும், நீராட்டுவதும், நாட்டுவதும், படையலிடுவதும், வாழ்த்துவதும் எனத் தொல்காப்பியம் அதற்கு ஒரு முறையே வகுத்துள்ளது. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழி எழுத்துடைய நடுகற்கள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று, கூடலூர் ஆநிரைப் பூசலில் மாண்ட அந்தவன் என்பானைக் குறிக்கிறது. இலக்கணத்தில் மட்டும் நாம் படித்த ‘ஆகோள்’ என்னும் துறைச்சொல் அக்கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று உண்டு. அதில் வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கள்வரைக் கடித்துத் துரத்திக் காவல் நின்ற அந்நாய்க்குக் கோவிவன் என்று பெயர். நாயின் பெயரையும் மறவாமல் கல்லில் எழுதிய ஊர் அது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். இரஞ்சன்குடிக் கோட்டையின் அகழியையும் மதிலையும் அறியாதார் இவ்வவையில் இல்லை. 1751இல் ஆர்க்காட்டு நவாபுப் பதவிக்காகச் சந்தா சாகிபும் முகமது அலியும் மோதிய போரில், பிரெஞ்சுப் படையும் ஆங்கிலப் படையும் வாலிகண்டபுரத்தையும் இக்கோட்டையையும் ஒட்டிய நிலத்தில்தான் எதிர்ப்பட்டன. அன்று பின்வாங்கிய ஆங்கிலப் படை திருச்சிராப்பள்ளியை அடைந்தது. அடுத்த ஆண்டிலேயே காட்சி மாறியது. 1752இல் பிரெஞ்சுப் படை திருவரங்கத் தீவில் முற்றுகைக்குள் சிக்கிச் சரணடைந்தது. சந்தா சாகிபு கொல்லப்பட்டார். முகமது அலி 1795வரை வாழ்ந்தார். அவ்விருவரின் கல்லறைகளும் இன்று திருச்சிராப்பள்ளி நத்தர்வலி தர்கா வளாகத்தில் உள்ளன. நாட்டைப் பங்கிட முடியாதவர்கள் ஒரு ஞானியின் நிழலைப் பங்கிட்டுக்கொண்டார்கள்.

ஆனால் இரஞ்சன்குடி மண்ணில் அன்று விழுந்த சிப்பாய்களும், மூட்டை சுமந்த கூலிகளும், மாட்டு வண்டிக்காரர்களும் எங்கே துஞ்சினார்கள்? நவாபுகளுக்குக் கல்லறை இருக்கிறது. கோட்டைக்குத் தொல்லியல் துறையின் பெயர்ப்பலகை இருக்கிறது. ‘இரஞ்சன்குடித் துஞ்சிய’ என்று தொடங்கும் ஒரு பெயர்கூட நம்மிடம் இல்லை.

இத்தகைய வெற்றிடங்களைக் கண்டால் கற்பனையால் நிரப்பிவிட நம் மனம் விரையும். அங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். கும்பகோணத்தை அடுத்த உடையாளூரில் முதலாம் இராசராசரின் பள்ளிப்படை இருப்பதாகப் பலரும் எழுதுகின்றனர். 2019இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆய்வு செய்யப் பணித்தது. அவ்வூர்த் தூண் கல்வெட்டு சிவபாதசேகரரின் ‘திருமாளிகை’யைக் குறிக்கிறது, பள்ளிப்படை என்று சொல்லவில்லை. மேல்பாடியில் அச்சொல்லைத் தயங்காமல் வெட்டியவர்கள், அதே குடியின் மாமன்னர்க்கு ஏன் தயங்கினார்கள் என்று கேட்பதே ஆய்வு. அன்பு மிகுதியால் கல் சொல்லாததைச் சொல்லவைப்பது இறந்தோர்க்குச் செய்யும் சிறப்பு ஆகாது.

நிரப்ப வேண்டிய இடங்கள் வேறு உள்ளன. அவை நம் கண்முன்னே உள்ளன. நம் பகுதிச் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்களைக் கண்டிருப்பீர்கள். இரு கல் நட்டு, மேலே ஒரு கல் கிடத்தியிருப்பார்கள். வயிற்றுச் சுமையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக நட்டவை அவை. இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவளுக்காக, வழிப்போக்கர் தலைச்சுமையை இறக்கி வைக்க ஓரிடம். பெரும்பாலானவற்றில் எழுத்தில்லை. எழுத்தறியாத ஒரு குடும்பம், சேனாபதி பரகேசரி வேளானை அறியாத ஒரு குடும்பம், அவர் செய்ததையே செய்திருக்கிறது. தண்ணீர்ப் பந்தலும் சுமைதாங்கியும் ஒரே மனத்தின் இரண்டு கைகள்.

ஆயிரம் ஆண்டு நினைவு மரபை ஆராய்ந்து நான் கண்ட முடிவு இதுதான்: தமிழன் தன் இறந்தோர்க்குச் செய்தவற்றுள் உயர்ந்தது உயரமானதன்று, வழியே போகிறவனுக்குப் பயன்பட்டது. பள்ளிப்படையில் சோறு, பிரமதேசத்தில் தண்ணீர், கண்டராதித்தத்தில் ஏரி, சாலையோரத்தில் சுமையிறக்கும் கல்.

இன்று தலைச்சுமைக்காரர் இல்லை. ஆகவே அக்கற்களுக்கு வேலையில்லை என்று எண்ணுகிறோம். சாலையை அகலப்படுத்தும்போது முதலில் பெயர்க்கப்படுவனவும் அவையே. எனவே நம் வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். பதினோராம் ஆண்டின் பணியாக, ஒவ்வோர் உறுப்பினரும் தத்தம் ஊரிலுள்ள சுமைதாங்கியையோ நடுகல்லையோ ஒன்று கண்டறிந்து, நிற்கும் இடம், அளவு, திசை ஆகியவற்றைக் குறித்து வரட்டும். அதைப் பற்றி ஊரின் மூத்த பெண்கள் சொல்வதை அவர்கள் சொற்களிலேயே எழுதிக்கொள்ளட்டும். பெயர் தெரிந்தால் பெயர். தெரியாவிட்டால் இடம் மட்டும். குறிப்பு முடிந்தபின் கவிதை வரட்டும், வாராவிடினும் குறையில்லை.

குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனுக்குத் தாழி வனைய வேண்டிய குயவனை எண்ணி இரங்கினார் ஐயூர் முடவனார். இவ்வளவு பெரிய மனிதனுக்கு எவ்வளவு பெரிய தாழி வனைவாய் என்பது அவர் கவலை. நம் கவலை வேறு. சிறியவர்களாக எண்ணப்பட்டவர்களுக்குத் தாழியே வனையப்படவில்லை. அவ்வேலை கவிஞர்களாகிய உங்கள் முன்னும், குறிப்பெடுக்கும் எங்களைப் போன்றோர் முன்னும் காத்திருக்கிறது.